காத்திருப்புக்கு என்ன கூலி?

கொமரலிங்கத்திலிருந்து திருப்பூருக்குக் கம்பெனி வேனில் போய்வந்தவர் என் பெரியம்மா. ஓவர்லாக், பேட்லாக் ரெண்டும் ஓட்டுவார். அதனாலேயே அவருக்கென்று ஒரு மெஷின் கிடையாது. யார் லீவோ, அந்த இடத்தில் உட்காரணும். எல்லாரும் வந்துவிட்டால் பிசிறு வெட்டணும். அன்றைக்குச் சம்பளம் குறைவு. "நீங்க இருக்கறதே ஒரு தைரியம்ங்க அக்கா" என்பார் சூப்பர்வைசர்.

2021 இங்கிலாந்துத் தொடரைப் பார்த்தபோது பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. 413 டெஸ்ட் விக்கெட் எடுத்திருந்த அஸ்வின், ஆகஸ்ட், செப்டம்பரில் நடந்த 4 டெஸ்ட்டிலும் வெளியேதான் இருந்தார்.

தேவைப்படாத நாளிலும் இவர்கள் தயாராக இருக்கிறார்கள். அது சும்மா இருப்பது இல்லை. கிரிக்கெட் வாரியத்துக்கு இது தெரியும். ஆடுகிறவருக்கு டெஸ்ட்டுக்கு 15 லட்சம் என்றால், அணியில் இருந்தும் ஆடாதவருக்கு அதில் பாதி. பீஸ் ரேட்டுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

ஆனால் பணத்தோடு இது முடியவில்லை. 2024 டிசம்பர் 18 அன்று, பிரிஸ்பேன் டெஸ்ட்டில் இடமில்லாமல் இருந்த அஸ்வின், 537 விக்கெட்டோடு ஓய்வை அறிவித்தார். தொடர் முடியும்வரை பொறுத்திருக்கலாமே என்றார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாதிச் சம்பளம் ஒருவருடைய நாளை வாங்கலாம். எப்போது எழுந்து போவது என்கிற முடிவை வாங்க முடியாது.

பெரியம்மாவுக்கு அந்த முடிவும் கையில் இல்லை. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பிக் குழுக் கடன் இருந்தது. எழுந்து போக முடியாதவரைப் பார்த்து "நீங்க ஒரு தைரியம்" என்று சொல்வதை மரியாதை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் இருப்பது தைரியம் என்றால், அந்தத் தைரியத்துக்கும் கூலி போடணும்.