கற்பனை மாந்தருக்குப் பெயரிடும் அதிகாரம்

இரசிகர் விக்கி என்பது ஒரு கதையுலகில் வரும் மாந்தர், ஊர், கருவி, போர், விலங்கு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் ஒதுக்கி, எவரும் எழுதவும் திருத்தவும் இடந்தந்து இணையத்தில் வளர்க்கப்படும் கலைக்களஞ்சியம். ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படங்களைச் சுற்றி 2005 மார்ச்சில் தொடங்கப்பட்ட வூக்கிப்பீடியா அவ்வகையில் பெரியவற்றுள் ஒன்று. பொதுக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியா இத்தனை நுணுக்கமான கதைச் செய்திகளுக்கு ஏற்ற இடமன்று என்ற முறையீடே அது தனியே பிறக்கக் காரணமாயிற்று. இத்தகைய தொகுப்பில் உள்ளடக்கம் பற்றிய கருத்து வேறுபாட்டை இன்னொரு வாக்கியத்தைச் சேர்த்தோ அடிக்குறிப்பு இட்டோ தீர்த்துவிடலாம். தலைப்பு பற்றிய வேறுபாடு அப்படித் தீராது. ஏனெனில் விக்கி மென்பொருளில் ஒரு பக்கத்துக்கு ஒரே தலைப்புத்தான் இருக்க இயலும், ஏனைய பெயர்கள் யாவும் வாசகரை அத்தலைப்புக்கு அனுப்பிவைக்கும் ‘வழிமாற்று’களாகவே நிற்க வேண்டும். இது பொழுதுபோக்காளரின் பூசலாகத் தோன்றினும், ஒரு பெயர் தன் பொருளைச் சுட்டும் ஆற்றலை எங்கிருந்து பெறுகிறது, அந்த ஆற்றலை அளிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று தத்துவம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினா அதனுள் அடங்கியிருக்கிறது.

1977இல் வெளிவந்த முதல் படத்தில் முதியவரான ஓபி-வான் கெனோபி, லூக் என்னும் இளைஞனிடம் அவன் தந்தையை டார்த் வேடர் கொன்றுவிட்டதாகக் கூறுகிறார். 1980இல் வந்த இரண்டாம் படத்தில் வேடரே அந்தத் தந்தை என்பது வெளிப்படுகிறது. 1983இல் வந்த மூன்றாம் படத்தில் தந்தையின் பெயர் அனகின் என்பது தெரியவருவதோடு, மகன் அப்பெயரை எடுத்துச் சொல்லும்போது தனக்கு அது பொருளற்றுப் போய்விட்டதென்று வேடர் மறுக்கவும் செய்கிறார். 1978இல் ஒரு விக்கி இருந்திருந்தால் அதில் வேடருக்கும் லூக்கின் தந்தைக்கும் இரு பக்கங்கள் இருந்திருக்கும், அவற்றுள் ஒன்று இறந்தவரைப் பற்றியதாகவும் இருந்திருக்கும். இன்று வூக்கிப்பீடியாவில் ‘அனகின் ஸ்கைவாக்கர்’ என்ற தலைப்பே உள்ளது. டார்த் வேடர் என்பது அதற்கு வழிமாற்று. விக்கிப்பீடியாவோ மக்கள் மிகுதியாக வழங்கும் பெயரே தலைப்பாக வேண்டும் என்ற தன் நெறியைப் பின்பற்றி ‘டார்த் வேடர்’ என்று தலைப்பிட்டிருக்கிறது.

ஜெர்மானியத் தத்துவவாணர் காட்லாப் ஃப்ரேகே 1892இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இவ்விடத்துக்கு நேராகப் பொருந்துகிறது. விடிவெள்ளியும் மாலை வெள்ளியும் ஒரே கோள் என்பது வானியலார் கண்டறிந்த செய்தி; அதைக் கேட்பவர் புதிதாக ஒன்றை அறிகிறார் என்றால், பெயரால் சுட்டப்படும் பொருள் வேறு, அப்பொருள் நமக்குத் தோற்றந்தரும் முறை வேறு என்று கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். சால் கிரிப்கி 1970இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில் இதற்கு எதிரான நிலையை எடுத்தார். பெயர் என்பது மறைத்துச் சுருக்கப்பட்ட வருணனை அன்று. முதலில் ஒருவர் ஒன்றுக்குப் பெயர்சூட்டுகிறார், அதைக் கேட்டவரிடமிருந்து கேட்டவருக்கு என அப்பெயர் சங்கிலியாகக் கைமாறுகிறது, சங்கிலியின் எந்தக் கண்ணியில் நிற்பவரும், அப்பொருளைப் பற்றி அவர் நம்புவது முழுவதும் பிழையாக இருப்பினும், முதலில் பெயர்சூட்டப்பட்ட அப்பொருளையே சுட்டுகிறார் என்றார் அவர். மேற்போக்காகப் பார்த்தால் விக்கிப்பீடியா வாசகருக்குத் தோற்றந்தரும் முறையையும், வூக்கிப்பீடியா கதைக்குள் நிகழ்ந்த முதற்பெயர்சூட்டலையும் அடிப்படையாகக் கொண்டதாகப் படும்.

அந்த விளக்கம் நெடுந்தூரம் செல்லாது. அதே வூக்கிப்பீடியாவில் பேரரசர் பால்பட்டீனின் பக்கம் ‘டார்த் சிடியஸ்’ என்ற தலைப்பில் இருக்கிறது. பால்பட்டீன் என்பது முதல் படத்தின் கதையை நாவலாக்கி 1976இலேயே வெளியிட்ட நூலின் முன்னுரையில் வந்துவிட்ட பெயராயிருக்க, சிடியஸ் என்பது 1999இல் வந்த படத்தில்தான் புகுந்தது. தீமையின் பக்கம் சென்றபின் சூடிய பெயர் ஒருவருக்கு வழிமாற்றாகவும் மற்றவருக்குத் தலைப்பாகவும் அமைவதற்கு மொழியியல் காரணம் ஏதும் கிடையாது. வேடர் இறக்கும் தறுவாயில் மகனுக்காகத் திரும்பிவிட்ட அனகின், சிடியஸ் எக்காலத்தும் பால்பட்டீன் என்ற முகமூடிக்குப் பின்னிருந்த சிடியஸ் என்று கதை காட்டுவதோடு இவ்விரு தலைப்புகளும் ஒத்துச்செல்கின்றன. தொகுப்பாளர்கள் அந்த நோக்கத்தோடுதான் முடிவெடுத்தார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. எனினும் ஓர் உயிர் அடிப்படையில் எத்தகையது என்ற தீர்ப்பு, தலைப்பாக நிற்கும் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. மென்பொருளுக்கு இத்தகைய குழப்பம் இல்லை என்பது சுவையானது: பக்கம் உருவாகும்போதே அதற்கு ஓர் எண் இடப்படுகிறது, தலைப்பு எத்தனை முறை நகர்த்தப்பட்டாலும் அவ்வெண் மாறுவதில்லை.

டார்த் வேடர் என்று எவரும் இல்லாதபோது அவர் பெயரைப் பற்றி என்ன வழக்கு என்று கேட்கலாம். கிரிப்கி 1973இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றி, 2013இல் நூலாக வந்த உரைகளில், கற்பனை மாந்தர் மனிதச் செயலால் ஆக்கப்பட்ட அருவப் பொருள்களாக உண்மையிலேயே உள்ளனர் என்றார். ஏமி தாமஸன் 1999இல் வெளியிட்ட நூலில் இதை இன்னும் விரித்து, அவர்கள் தோன்றுவதற்கு ஆக்கியோனும், நிலைபெறுவதற்குப் படைப்பின் படியும் அதைப் படிக்க வல்ல வாசகரும் தேவை என்று காட்டினார். ஆக்கியோனுக்கு ஒரு பங்கும் வாசகருக்கு ஒரு பங்கும் இவ்வாறு கிடைக்கிறது. பெயரிடும் உரிமை எந்தப் பங்கில் அடங்கும் என்பதைக் கிரிப்கியும் தாமஸனும் தீர்த்துவைக்கவில்லை.

அந்த வினாவைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் இந்திய நையாயிகர். நியாய மரபு சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைச் ‘சக்தி’ என்று அழைக்கிறது. இன்ன சொல்லால் இன்ன பொருள் விளங்குக என்னும் ஈசுவர இச்சையே அந்தச் சக்தி என்பது பழைய கொள்கை. அப்படியானால் நேற்றுப் பிறந்த குழந்தைக்குத் தந்தை இட்ட பெயரில் ஈசுவர இச்சை எங்கே இருக்கிறது என்ற தடை எழுகிறது. நியாய சித்தாந்த முக்தாவலி என்னும் நூல் இதற்குத் தரும் விடை நுட்பமானது: பதினோராம் நாளில் தந்தை பெயரிட வேண்டும் என்று வேதம் விதித்திருப்பதால், அவர் எப்பெயரை இட்டாலும் அது அந்தப் பொதுவான ஈசுவர இச்சைக்குள் அடங்கிவிடுகிறது. இத்தகைய விதியின் துணையின்றி மனிதர் தாமாக வகுத்துக்கொண்ட குறியீட்டில் சக்தி இல்லை என்பது சம்பிரதாயத்தார் முடிவு. நவ்யர் எனப்படும் பிற்காலத்தாரோ சக்திக்கு வேண்டியது இச்சை மட்டுமே, அது ஈசுவரனுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆகவே மனிதர் வகுத்த குறியீட்டிலும் சக்தி உண்டு என்பர்.

கதையாசிரியரைக் கதையுலகின் ஈசுவரனாக வைத்துப் பார்த்தால் இரசிகர் விக்கியின் நடைமுறை இவ்வழக்கின் வரிகளிலேயே செல்வது தெரியும். முதல் படத்தின் மதுக்கூடக் காட்சியில் வந்துபோகும் வேற்றுலக உயிர்கள் பலவற்றுக்குத் திரையில் பெயரே இல்லை. பொம்மை உரிமம் பெற்ற கென்னர் நிறுவனம் அவற்றை உருவம் நோக்கி ‘ஹாமர்ஹெட்’ என்றும் ‘வால்ரஸ் மேன்’ என்றும் பெயரிட்டு விற்றது. பின்வந்த விளையாட்டு நூல்களும் கதைத் தொகுப்புகளும் அவர்களை மோமா நேடன் எனவும், தமிழர் செவிக்குப் புன்னகை வருவிக்கும்படி, போண்டா பாபா எனவும் ஆக்கின. உரிமம் என்பது இங்கே தந்தைக்கு வேதம் தந்த விதிக்கு ஒப்பானது. உரிமையாளர் அந்தந்தப் பெயரை நினைத்திருக்க வேண்டியதில்லை, பெயரிட இவருக்கு அனுமதி உண்டு என்ற பொதுவிச்சை போதும். அந்த அனுமதியும் வந்தடையாத உயிர்களுக்கு வூக்கிப்பீடியா ‘அடையாளம் தெரியாத’ என்ற அடையோடு வருணனைத் தலைப்பு இடுகிறது. சில வேளை தொகுப்பாளரே ஒரு பெயரை அமைத்து, செய்தி அதிகாரபூர்வமானதாயினும் தலைப்பு ஊகமே என்று அறிவிக்கும் வார்ப்புருவை, அதாவது பக்கந்தோறும் ஒட்டத்தக்க ஆயத்த அறிவிப்பை, உச்சியில் வைக்கிறார். இங்கே விக்கி நவ்யரைப் போல நடந்து, சம்பிரதாயத்தாரைப் போல வாக்குமூலம் தருகிறது: ஊகப்பெயர் இணைப்புகளைத் தாங்குகிறது, தேடுவோருக்கு அகப்படுகிறது, பொருளைப் பிழையின்றிச் சுட்டுகிறது, ஆயினும் தனக்குச் சக்தி இல்லை என்று தன் நெற்றியிலேயே எழுதிக்கொள்கிறது.

2019 நவம்பரில் தொடங்கிய ‘தி மாண்டலோரியன்’ தொடரின் பச்சைக் குழந்தை இதைத் தெளிவாக்கும். முந்தைய படங்களின் யோடா என்னும் மாந்தரை ஒத்த அதை உலகமே ‘பேபி யோடா’ என்றது. பெயர் சூட்டுவிழா இன்றியே வழக்கால் ஒரு பெயரின் பொருள் நிலைபெயரக்கூடும் என்பதைக் காட்ட, ஆப்பிரிக்க நிலப்பகுதி ஒன்றைக் குறித்த மடகாஸ்கர் என்ற பெயர் தவறுதலாகத் தீவுக்குப் போய்ச் சேர்ந்த கதையைத் தத்துவவாணர் கேரத் எவன்ஸ் 1973இல் எடுத்துக்காட்டினார். அந்த அளவுகோலின்படி பேபி யோடா என்பது குறையற்ற பெயரே. ஆயினும் விக்கியின் பக்கம் உரிமையாளர் வழங்கிய ‘தி சைல்டு’ என்ற தலைப்பிலேயே இருந்து, 2020 நவம்பர் 27 அன்று வெளியான அத்தியாயம் அதன் பெயர் க்ரோகு என்று அறிவித்ததும் அப்பெயருக்கு நகர்ந்தது. கதைக்குள் நின்று பார்ப்பவருக்கு இது கண்டுபிடிப்பு, ஏனெனில் அக்குழந்தை தொடக்கமுதலே க்ரோகுதான். வெளியே நின்று பார்ப்பவருக்கு இது எழுத்தாளரின் முடிவு. இரண்டும் முரண்படாமல் ஒரே நிகழ்வில் கூடுவது கற்பனைப் பெயருக்கு மட்டுமே உரிய இயல்பு. மனிதக் குழந்தைக்குப் பெயரிடுவோர் எவரும் அது முன்னரே அப்பெயரோடு இருந்ததாகச் சொல்வதில்லை.

ஈசுவர இச்சை மாறிவிட்டால் நிகழ்வது இன்னும் சிக்கலானது. ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் தம் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை 2012இல் டிஸ்னிக்கு விற்றபின், அதுவரை வெளிவந்திருந்த நாவல்களும் படக்கதைகளும் ஏறத்தாழ முழுமையாக இனி அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட முறைமைக் கதையில் சேரா, ‘லெஜண்ட்ஸ்’ என்ற பெயரில் தனித்து நிற்கும் என்று 2014 ஏப்ரல் 25 அன்று நிறுவனம் அறிவித்தது. ஹான் சோலோ போன்ற மாந்தருக்கு வூக்கிப்பீடியாவில் இரு பக்கங்கள் உண்டாயின. பழைய வரலாற்றைக் கூறும் பக்கத்தின் தலைப்போடு ‘/லெஜண்ட்ஸ்’ என்ற பின்னொட்டு சேர்ந்தது. டிமதி ஸான் 1991இல் ஒரு நாவலில் படைத்த தளபதி த்ரான் 2014இல் லெஜண்ட்ஸுக்குள் ஒதுக்கப்பட்டு, 2016இல் ‘ரெபல்ஸ்’ அசைவூட்டத் தொடர் வழியாக முறைமைக் கதைக்குத் திரும்பினார். இவ்விரு த்ரான்களின் பெயர்ச் சங்கிலியும் ஒரே ஆசிரியரின் ஒரே பெயர்சூட்டலில்தான் முடிகிறது என்பதால், கிரிப்கியின் கோட்பாட்டைக் கொண்டு இருவர் எனல் எளிதன்று. விக்கியோ வாழ்க்கை வரலாறு வேறுபடுவதால் இருவர் என்று கொள்கிறது. வேடரில் வரலாற்றைவிட ஆளை முதன்மையாக்கிய தொகுப்பு, த்ரானில் ஆளைவிட வரலாற்றை முதன்மையாக்குகிறது. இதைத் தொகுப்பாளரின் தடுமாற்றம் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. உரிமை கைமாறக்கூடிய ஓர் ஈசுவரனை நியாய நூல்கள் எண்ணிப்பார்த்ததில்லை, நிறுவன அறிவிப்பு ஒன்று முற்காலக் கதைகளைத் தகுதிநீக்கும் நிலை மேலே கண்ட மேலைத் தத்துவவாணரின் எடுத்துக்காட்டுகளிலும் இல்லை.

இவை யாவும் தம் பெயரைப் பற்றித் தாமே ஒன்றும் சொல்ல இயலாத மாந்தரைப் பற்றியவை. வூக்கிப்பீடியாவில் படங்களை உருவாக்கிய ஓவியர், நடிகர், எழுத்தாளர் ஆகிய மெய்யான மனிதருக்கும் பக்கங்கள் உண்டு. தம் பாலின அடையாளத்தை வெளிப்படுத்திப் பெயரை மாற்றிக்கொண்ட ஓர் ஓவியரின் பக்கம், முன்னர் வெளியான படைப்புகளில் அச்சான பழைய பெயரில் இருப்பதா, அவர் இப்போது ஏற்ற பெயரில் இருப்பதா என்ற பூசல் 2021இல் எழுந்தது. இத்தகைய பழைய பெயர்களை எவ்வாறு கையாள்வது என்று தொகுப்பாளர்கள் வாக்கெடுக்கத் தொடங்க, விக்கிக்கு இடமளிக்கும் ஃபேண்டம் நிறுவனம் தலையிட்டு அதற்கு முடிவு கட்டியது. 2004இல் விக்கிசிட்டீஸ் எனப் பிறந்து, விக்கியாவாக மாறி, பின்னர் ஃபேண்டமாகிய அந்நிறுவனத்தின் பெயர்மாற்றத்துக்கு எவரும் வாக்குக் கேட்டதில்லை. அச்சில் வந்த பெயரே சான்று என்ற நெறி, ஆக்கியோனின் இச்சையைத் தவிர வேறு இச்சை இல்லாத உயிர்களுக்காக வகுக்கப்பட்டது. தனக்கென ஓர் இச்சை உடைய ஆளுக்கு அதை நீட்டித்தபோதே அது பிழையாயிற்று, அவ்வகையில் வாக்கெடுப்பின் முடிவு எதுவாயிருந்திருப்பினும் அது செல்லாது. அந்த ஓவியரின் பக்கம் இன்று அவர் தேர்ந்த பெயரிலேயே இருக்கிறது.