கணக்கில் எழுதப்படாத செலவு



மாத முடிவில் கடைக்கொப்பியை விரித்துக் கணக்குப் பார்க்கும் எந்தத் தாய்க்கும் ஓர் உண்மை தெரியும். கொப்பியில் எழுதியது மட்டும் செலவல்ல. மூத்தவன் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனதும் செலவுதான். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? நாடுகளின் கணக்கிலும் இத்தகைய எழுதாப் பக்கங்கள் உண்டு. உலகிலேயே மிகப் பெரிய படைக்கணக்கை எடுத்துப் பார்ப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குத் தன் எல்லைக்கு வெளியே, ஏறத்தாழ 80 நாடுகளிலும் ஆட்புலங்களிலுமாக, 750 அளவிலான இராணுவத் தளங்கள் இருப்பதாக டேவிட் வைன் என்ற ஆய்வாளர் 2021இல் கணக்கிட்டார். யப்பானில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட படையினர். ஜேர்மனியில் முப்பதாயிரத்துக்கு மேல். தென்கொரியாவில் 28,500 பேர். 2024இல் அந்நாட்டின் மொத்த இராணுவச் செலவு ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி டொலர். 2001 செப்டெம்பருக்குப் பின் இருபது ஆண்டுகள் நடத்திய போர்களின் செலவு எட்டு இலட்சம் கோடி டொலர் என்று பிரவுண் பல்கலைக்கழக ஆய்வாளர் மதிப்பிட்டனர். நேரடிச் சண்டையில் மாண்டோர் ஒன்பது இலட்சம் அளவினர். அவர்களுள் அமெரிக்கப் படையினர் ஏழாயிரத்துக்குச் சற்று மேல். ஆனால் அந்த ஆண்டுகளில் பணிபுரிந்த படையினருள் தற்கொலை செய்துகொண்டோர் முப்பதாயிரத்துக்கு மேல் என்கிறது அதே ஆய்வு. இந்த இலக்கத்தை வாசித்ததும் நான் தாளைச் சற்றுக் கீழே வைத்துவிட்டேன்.

அயல்நாட்டில் படை வைத்திருப்பது எப்போதும் பாவம் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. 1950இல் எல்லை கடந்து வந்த படையெடுப்பைக் கண்ட தென்கொரியருக்கு அந்த 28,500 பேர் ஒரு வேலி. அவர்களுடைய அச்சத்தை ஏளனம் செய்யும் உரிமை நமக்கில்லை.

போர்க்களம் கண்ட தளபதியாயிருந்து சனாதிபதியான ஐசனோவர், 1953 ஏப்ரலில், ஒரு குண்டுவீச்சு விமானத்தின் விலைக்கு முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் பாடசாலை கட்டலாம் என்று தம் மக்களுக்குச் சொன்னார். நல்ல வார்த்தை. ஆயினும் அதுவும் கொப்பியில் எழுதக்கூடிய செலவே. நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது மற்றப் பக்கத்தை.

இலங்கையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் தூரத்தில், சாகோஸ் தீவுக்கூட்டத்தில், டியேகோ கார்சியா இருக்கிறது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களும், பின்னர் வந்த இந்தியத் தொழிலாளரின் மக்களும் அங்கே தென்னை பேணி, கொப்பரா காயவைத்து வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் கத்தோலிக்கர், தீவில் ஆலயமும் சேமக்காலையும் இருந்தன. 1965இல் பிரித்தானியா இத்தீவுகளை மொறீசியசிலிருந்து பிரித்தெடுத்தது. அடுத்த ஆண்டு, தளம் அமைப்பதற்காக 50 ஆண்டுகளுக்கு அமெரிக்காவுக்கு விட்டது. வாடகை இல்லை. அதற்கு ஈடாக, பொலாரிஸ் ஏவுகணை வாங்கும் விலையில் ஒரு கோடி நாற்பது இலட்சம் டொலர் கழிவு கிடைத்தது. இது இரு நாட்டு மக்கள் மன்றங்களுக்கும் மறைக்கப்பட்டது.

தீவை ஆளில்லாமல் தரவேண்டும் என்பது பேச்சு. ஆகவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள், வந்துபோகும் கூலித் தொழிலாளர் என்று ஏட்டில் எழுதப்பட்டார்கள். மருந்துக்காக மொறீசியஸ் சென்றவர்கள் திரும்பும் கப்பலில் ஏற்றப்படவில்லை. 1971இல் அவர்களுடைய நாய்கள் நச்சுப்புகையால் கொல்லப்பட்டன. பின்னர் மனிதர் கப்பலேற்றப்பட்டனர். 1973க்குள் சாகோஸ் தீவுகள் முழுவதும் வெறிச்சோடின. போனவர்கள் 1,500க்கும் 2,000க்கும் இடைப்பட்டோர். வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

குருமடத்தில் அறநெறியியல் படித்தபோது, ஒரே செயலால் நன்மையும் தீமையும் விளையும் வேளையில் என்ன செய்வது என்ற கேள்வியை நாட்கணக்கில் அலசினோம். தற்காப்பைப் பற்றிப் புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதிய இடத்தில் வேர்கொண்ட கேள்வி அது. தன் உயிரைக் காக்கத் தடுப்பவன், தாக்க வந்தவனின் சாவை நாடவில்லை. அது உடன்வந்த விளைவு. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தீமை, நன்மையை அடையும் வழியாக இருக்கக் கூடாது. யப்பானின் நிலத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத ஓகினாவாவில்தான் அங்குள்ள அமெரிக்கத் தளப்பரப்பில் 70 வீதம் இருக்கிறது. அங்கே விமான இரைச்சலில் தூக்கம் கெடும் பிள்ளையின் துன்பத்தை உடன்விளைவு என்று யாரும் வாதாடலாம். டியேகோ கார்சியாவில் அந்த வாதம் நிற்காது. மக்கள் இல்லாதிருப்பதே அங்கே தளத்தின் அத்திவாரம்.

இரண்டாயிரம் பேரின் துயரமா, பல கோடிப் பேரின் பாதுகாப்பா என்று கேட்பவர் இருப்பர். கேட்க நியாயமாகவே தோன்றும். கைப்பாசும் சபையில் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் போட்டான்.

2021 ஒக்டோபரில் நம்மவர் 89 பேர் சென்ற படகு நடுக்கடலில் பழுதுபட, அவர்கள் இதே தீவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சிறுவர்களும் இருந்தார்கள். வேலிக்குள், கூடாரங்களில் வாழ்க்கை. பெரும்பாலோர் 2024 டிசெம்பரில்தான் பிரித்தானியா போய்ச் சேர்ந்தனர். அவர்களை அங்கே அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அதே மாதம் நீதிமன்றம் சொல்லிற்று. சொந்தக் குடிகளுக்கு இடமில்லாத தீவில் அகதிகளுக்கு வேலி மட்டும் இருந்தது.

சாகோஸ் மக்களில் ஏறத்தாழ நூறு பேர் 2006இல் கப்பலில் சென்று, முன்னோரின் கல்லறைகளைத் துப்புரவாக்கி, பூசை கண்டு, திரும்பினார்கள். தங்க அனுமதி இல்லை. தீவுகளைப் பிரித்தெடுத்தது சட்டத்துக்கு முரண் என்று 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. 2025 மே மாதம் பிரித்தானியாவும் மொறீசியசும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி தளம் இன்னும் 99 ஆண்டுகள் இருக்கும். வாடகை சராசரியாக ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பவுணுக்குச் சற்று மேல். மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்ற அந்த உடன்படிக்கை மொறீசியசுக்கு இடமளித்தது. டியேகோ கார்சியாவில் மட்டும் இல்லை. அவர்கள் 2006இல் துப்புரவாக்கிய கல்லறைகள் பல அந்தத் தீவில்தான் இருக்கின்றன.