தேய்த்துப் பெறும் ஒளி

கறுப்புக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: நிழலில் அதற்கு ஒரு முகம், உச்சிவெயிலில் இன்னொரு முகம். போர்டிகோவுக்குள் குறையொன்றும் தெரியாமல் நின்ற பானெட்டில், வெளியே எடுத்ததும் சூரியன் விழும் இடத்தைச் சுற்றி நூலிழைக் கீறல்கள் வட்டம் வட்டமாக எழும்பும். கூர்ந்து பார்த்தால் அந்த வட்டமும் மெய்யில்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. ஒளி வரும் போக்குக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன, மற்றவை ஒளிந்துகொள்கின்றன. நாம் ஓரடி நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும்; அதுவரை ஒளிந்திருந்தவை தெரியும், தெரிந்தவை மறையும். நின்ற இடத்தில் நின்றபடி ஒரு பரப்பின் குறை முழுவதையும் எவராலும் பார்த்துவிட முடியாது.

இத்தனை கீறல்களையும் போட்டது யார்? பொறாமைக்காரர் யாரும் ஆணியால் கிழிக்கவில்லை. தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டிய கைதான் போட்டது. ராத்திரி படிந்த புழுதியில் இருக்கும் மணல், துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் உருண்டு தன் வழியை எழுதிவிட்டுப் போகிறது. கவனிப்பாரற்று மரத்தடியில் கிடக்கும் வண்டியில் எச்சம் இருக்கும், பிசின் இருக்கும், இந்த வலை மட்டும் அவ்வளவாக இருக்காது. இது அக்கறை போட்ட கீறல். அதனால்தான் அதைப் பார்க்கும்போது நமக்குக் கோபம் வருவதில்லை, ஒரு வகையான திகைப்பே வருகிறது.

பிறகு பாலிஷைத் தேடிப் போகிறோம். போகும்போதே நம் மனதில் ஒரு பிழையான படம் இருக்கிறது. பாலிஷ் என்றால் எதையோ மேலே பூசுவது, பளபளப்பு புட்டியிலிருந்து இறங்கி வண்டியில் ஏறிக்கொள்கிறது என்று நினைக்கிறோம். புட்டிக்குள் ஒளி எதுவும் இல்லை. பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடின் மிக நுண்ணிய துகளும், அதைத் தாங்கிக்கொள்ளும் திரவமும்தான் இருக்கின்றன. அந்தத் துகளும் கீறத்தான் செய்கிறது. கீறலை ஆற்றுவதற்கு இன்னொரு கீறல், ஆனால் முந்தையதைவிட நுண்ணியது. பள்ளத்தை நிரப்ப வழியில்லை. சுற்றியுள்ள மேட்டையெல்லாம் பள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சற்றுச் சற்றாக இறக்குவது ஒன்றே வழி.

ஐசக் நியூட்டன் 1668இல் தன் தொலைநோக்கிக்கு வேண்டிய உலோக ஆடியைத் தன் கையாலேயே தேய்த்து மெருகேற்றியவர். 1704இல் வெளிவந்த ஒளியியல் நூலில் அவர் இதைத் தெளிவாகச் சொல்லிவைத்தார்: மெருகு என்பது கீறல்கள் ஒழிந்துபோன நிலை அல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அவை சிறுத்துப்போன நிலை. நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4இலிருந்து 0.7 மைக்ரான் வரை. பரப்பின் மேடுபள்ளம் அதைவிடப் பலமடங்கு சிறுத்துவிட்டால், ஒளிக்கு அந்தக் கரடுமுரடு ஒரு பொருட்டாகவே இருப்பதில்லை. வந்த ஒழுங்கில் திரும்பிப் போகிறது. நாம் அதில் நம் முகத்தைப் பார்த்து மகிழ்கிறோம். கீறலே இல்லாத பரப்பு உலகில் எங்கும் இல்லை. நாம் பார்க்கும் ஒளியின் நுட்பத்துக்கு எட்டாத கீறல்களைக் கொண்ட பரப்புகள் மட்டுமே உண்டு.

ஆகவே இது படிப்படியான வேலை. முதலில் காம்பவுண்ட் என்னும் முரட்டு பாலிஷ் பெரிய கீறல்களைச் சமன் செய்கிறது, செய்துவிட்டுத் தன் பங்குக்கு ஒரு மங்கலை விட்டுப்போகிறது. சுழலும் மெஷினை அவசரமாக ஓட்டியிருந்தால் வெயிலில் வானவில் போல நெளியும் தடங்களும் மிஞ்சும். தொழிலில் உள்ளவர்கள் அதற்கு ஹோலோகிராம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கடைசியாக வரும் ஃபினிஷிங் பாலிஷின் வேலை, வண்டியைத் துடைத்து நாம் உண்டாக்கிய கீறலை எடுப்பதல்ல. திருத்த வந்தவர் விட்டுப்போன தடத்தைத் திருத்துவதுதான். இந்த உண்மையைச் சிந்தித்தால் சற்றுக் கலக்கமாகத்தான் இருக்கிறது. எந்தத் திருத்தமும் தன் பின்னே ஒரு சிறு பிழையை விட்டே நகர்கிறது. அதைத் துடைக்க அதைவிட மென்மையான ஒரு கை தேவைப்படுகிறது.

அந்தக் கடைசிச் சுற்றை ஒரு நல்ல தொழிலாளி செய்யும்போது அருகில் நின்று பார்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் அமுங்கிப்போகும் மென்மையான ஸ்பாஞ்ச் பேட். அதில் பட்டாணி அளவில் மூன்று நான்கு பொட்டு. மெஷினை ஓடவிடுமுன் பேடைப் பரப்பில் ஒற்றிப் பரத்திக்கொள்கிறார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, ஒன்றரை அடிச் சதுரத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்துகிறார். கை மெஷினைப் பிடித்திருக்கிறது, அழுத்தவில்லை. மெஷினின் கனமே போதும். வெள்ளையாக இருந்த படலம் மெலிந்து மெலிந்து கண்ணாடி போலத் தெளியும்போது நிறுத்துகிறார். அடுத்த பகுதிக்குப் போகுமுன் பேடை பிரஷால் சுத்தம் செய்கிறார், ஏனென்றால் முந்தைய காம்பவுண்டின் ஒரே ஒரு முரட்டுத் துகள் அதில் ஒட்டியிருந்தாலும் அத்தனை பாடும் வீண். புதிதாகக் கற்பவர் இந்த இடத்தில்தான் தடுமாறுவார். முதல் கட்டத்தில் அழுத்தியதால் பலன் கிடைத்தது, எனவே இன்னும் பளபளக்க இன்னும் அழுத்தலாம் என்று அவருக்குத் தோன்றும். ஆரம்பத்தில் நமக்குத் துணைநின்ற பலமே முடிவில் குறையாக மாறும் வேலைகள் வாழ்க்கையில் பல உண்டு. எந்தக் கட்டத்தில் அந்தப் பலத்தைக் கீழே வைக்க வேண்டும் என்பது சொல்லித்தந்து வருவதில்லை.

எளிதான வழியும் ஒன்று இருக்கிறது. எண்ணெயும் மெழுகும் கலந்த சில பாலிஷ்கள் கீறலின் பள்ளத்தில் போய் உட்கார்ந்து அதை மூடிவிடும். கடையை விட்டு வெளியே வரும்போது வண்டி ஷோரூமிலிருந்து வருவது போலவே இருக்கும். நான்கைந்து முறை கழுவியதும் பழைய வலை மீண்டும் எழும். இதை அறிந்த நேர்மையான தொழிலாளி, வேலை முடித்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்து மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, எண்ணெயெல்லாம் போன பிறகு டார்ச் அடித்துப் பார்ப்பார். வாடிக்கையாளர் வருவதற்குள் தன் வேலையின் அழகைத் தானே கலைத்துப் பார்க்கும் இந்தத் துணிவு, எனக்கு அந்தத் தொழிலின் உச்சமாகப் படுகிறது. மூடியது எது, தீர்ந்தது எது என்று பிரித்தறிய அவருக்கு வேறு வழியில்லை.

ஆனால் மெய்யாகவே தீர்ப்பதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாக யோசிக்கிறோம். கம்பெனியில் அடித்த பெயிண்ட், பிரைமர் முதல் மேற்பூச்சு வரை எல்லாம் சேர்த்துப் பொதுவாக 100இலிருந்து 150 மைக்ரான் கனம். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட், அதாவது நாம் தேய்க்க உரிமையுள்ள ஒரே அடுக்கு, சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடியைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கிக் கீழேயுள்ள நிறத்தைக் காப்பதும் அதுவே. ஃபினிஷிங் பாலிஷ் மட்டும் என்றால் ஒரு மைக்ரான்கூடப் போகாது. காம்பவுண்டோடு சேர்ந்த முழு வேலை என்றால் சில மைக்ரான் போய்விடும். கதவின் மடிப்பிலும் விளிம்பிலும் பூச்சு ஏற்கெனவே மெலிந்தே இருப்பதால் அங்கே பேட் சற்று நின்றாலும் பெயிண்ட் எரிந்து அடி தெரியும்.

அம்பாசிடர் ஓடிய காலத்தில் இந்தக் கணக்கு கண்ணுக்கு முன்னால் நடந்தது. பழைய பெயிண்டில் கிளியர் கோட் கிடையாது, நிறமே மேற்பரப்பு. நீலக் காரை ரப்பிங் செய்தால் துணி நீலமாகும், சிவப்பென்றால் சிவப்பாகும். எவ்வளவு பளபளப்பு வாங்கினோம், அதற்கு எவ்வளவு வண்டியைக் கொடுத்தோம் என்பதைத் துணியே காட்டிவிடும், உரிமையாளரும் பதறிப்போய்ப் போதும் போதும் என்பார். இன்று தேய்ந்துபோவது நிறமற்ற அடுக்கு. துணியில் அதன் சுவடே தெரியாது. இழப்பு நின்றுவிடவில்லை, இழப்பைக் கண்ட பதற்றம்தான் நின்றுவிட்டது. வளர்ச்சி என்று நாம் கொண்டாடும் பலவற்றில் இந்தக் குணம் இருக்கிறது: செலவைக் குறைக்காமல் செலவின் நிறத்தை மட்டும் எடுத்துவிடும்.

அந்த நிறத்துக்குப் பதிலாக இப்போது ஒரு மீட்டர் வந்திருக்கிறது, பெயிண்டின் கனத்தை அளப்பது. கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில், இன்னும் ஒரு சுற்று தேய்த்தால் அந்தக் கதவுக் கீறலும் போய்விடுமே என்று கேட்டவரிடம், மீட்டரைத் திருப்பிக் காட்டித் தொழிலாளி சொன்னார்: “போகுங்க. ஆனா கீறல் போற ஆழத்துக்குப் பெயிண்ட்டும் போயிருங்க. நகத்துக்குத் தட்டுப்படுதுன்னா விட்டர்றதுதாங்க நல்லது.” கேட்டவர் முகம் சுருங்கியது. பணம் கொடுக்கத் தயாராக இருப்பவரிடம் வேண்டாம் என்று சொல்வதற்கு, வாங்கிக்கொண்டு தேய்ப்பதைவிட அதிக அறிவு வேண்டும். கூலி மட்டும் அதற்குக் கிடைப்பதில்லை.

அளவுள்ள எதையும் நாம் அதைச் செலவழித்தே அழகாக்குகிறோம் என்பது காரோடு நிற்கும் உண்மையா? அண்ணன் தம்பிக்குள் இருக்கும் ஒரு பழைய மனத்தாங்கலை எடுத்துக்கொள்வோம். பேசித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்கிறோம், முதல் பேச்சில் பெரும்பகுதி சமனாகிறது. மிச்சமிருக்கும் ஒரு கோட்டையும் விடக்கூடாது என்று மறுபடி உட்கார்கிறோம், மறுபடியும் பழையதைக் கிளறுகிறோம். ஒவ்வொரு முறையும் ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த நம்பிக்கையில் மெல்லிய ஓர் அடுக்கு தேய்ந்து போகிறது. அது நிறமற்றது என்பதால் எவர் துணியிலும் ஒட்டுவதில்லை, நம் முயற்சி நல்லெண்ணத்தால் ஆனது என்பதால் நிறுத்தச் சொல்லும் துணிவும் எவருக்கும் வருவதில்லை. கடைசியில் அந்தக் கோடு மறைந்த அன்றுதான், வெயிலைத் தாங்கிக் காத்துவந்த எதுவோ அதோடு போய்விட்டதை உணர்கிறோம். குறையைச் சகிப்பது சோம்பலாகவும் இருக்கலாம், கோழைத்தனமாகவும் இருக்கலாம். ஆனால் குறையின் ஆழத்தையும் தன்னிடம் மிஞ்சியிருக்கும் கனத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, இது போகட்டும், இது இருக்கட்டும் என்று பிரித்தறிந்தவன் காட்டும் சகிப்பு, சீர்மையைத் தேடும் வேட்கையின் எதிரியாக இல்லாமல் அதன் கடைசிப் படியாகவே நிற்கிறது.

அந்த மைக்ரான்களுக்கு நாம் மட்டும் சொந்தக்காரர்களும் அல்ல. நம் நாட்டில் ஒரு கார் ஒரே கையோடு ஓய்வதில்லை. ஏழெட்டு வருடத்தில் இன்னொரு குடும்பத்தின் முதல் காராக அது வேறொரு வாசலில் போய் நிற்கும். பண்டிகைக்கு முன்னால் நாம் ஆசைப்பட்டுத் தேய்த்த ஒவ்வொரு சுற்றும், பெயர் தெரியாத அவர் பின்னாளில் தேய்த்துக்கொள்ளக்கூடிய ஒரு சுற்றிலிருந்து எடுத்தது. அவரும் இப்போதெல்லாம் வெறுங்கையோடு வருவதில்லை. கூட ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்து, பளபளப்பைச் சற்றும் சட்டை செய்யாமல், பானெட்டிலும் நான்கு கதவிலும் மீட்டரை வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் விலை பேச உட்காருகிறார்.