சுவர் விளக்கு சாமி விளக்காகுமா?

சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் பலருக்கு, சுவரில் அந்தக் காலத்துப் பாணியில் விளக்கு மாட்ட ஆசை. வளைந்த பித்தளைக் கை, பூப்போல விரிந்த கண்ணாடிக் கூடு, துணி சுற்றிய வயர். பல்புக்குள் ஆரஞ்சு நிறத்தில் மின்னும் நாலைந்து இழைகள் பார்க்க எடிசன் காலத்துச் சாமான் மாதிரி இருக்கும். உண்மையில் அது எல்இடி. பக்கத்து தியோங் பாருவில் 1936 முதல் எழுந்த அடுக்குவீடுகள் 2003ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாயின. அந்தக் கட்டடங்களின் வளைவுகளைத் தினமும் பார்ப்பவர்களுக்குப் பழைய பாணி பிடித்துப்போவதில் வியப்பில்லை.

வரவேற்பறையோடு இது நின்றால் சிக்கல் இல்லை. சாமி மேடைக்கும் அதே விளக்கு வந்துவிடுகிறது. படங்களின் இருபக்கமும் ஒவ்வொன்று. சுடர் வடிவப் பல்பு. காற்றில் ஆடுவதுபோல் துடிக்கும் வெளிச்சம். சாயங்காலம் சுவிட்சைத் தட்டினால் போதும். வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் ஆறரை மணிக்குக் கேட்டுவிடுவார்: “விளக்கு ஏத்தியாச்சா?” சுவிட்சைப் போட்டவர் “ஆச்சு” என்று சொல்லலாமா?

சுவரில் விளக்கு வைப்பது தமிழர்களுக்குப் புதிதில்லை. ஊர்ப்பக்கத்துப் பழைய வீடுகளில் வாசலின் இருபுறமும் மாடக்குழி இருக்கும். அதில் அகல் இருக்கும். அகலுக்கு மேலே கரிப்புகை ஏறிய கறுப்புத் தடம் இருக்கும். வீவக வீட்டில் சுவரைக் குடைய நினைத்தால் முதலில் அனுமதி கேட்க வேண்டும். பாரம் தாங்கும் கான்கிரீட் சுவரைத் தொடவே கூடாது. மாடக்குழியின் இடத்துக்கு மாட்டும் விளக்கு வந்தது இப்படித்தான். இடம் மாறுவதைச் சமயம் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. டிப்போ சாலையில் இருக்கும் ஸ்ரீ ருத்ர காளியம்மன் கோயிலே 1913ல் அலெக்சாண்ட்ரா செங்கல் தொழிற்சாலை வளாகத்தில் சிறிதாகத் தொடங்கி, 1983ல் இப்போதைய இடத்துக்கு வந்ததுதான். அம்மன் இடம் மாறலாம் என்றால் அகலும் மாறலாம். நெருப்பே இல்லாமல் போவது அதே கணக்கில் சேருமா?

மின்விளக்கின் பக்கம் வாதாடுபவர்களிடம் சரக்கு இருக்கிறது. மின்சாரம் மட்டும் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் கேட்பார்கள். புக்கிட் மேரா வட்டாரத்தின் தென்கோடியில் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையம் 1927ல் நிலக்கரியை எரித்துத்தான் சிங்கப்பூருக்கு வெளிச்சம் கொடுத்தது. இன்று அது தேசிய நினைவுச்சின்னம். உள்ளே டைசன் நிறுவனத்தின் தலைமையகம். சிங்கப்பூரின் மின்சாரத்தில் பெரும்பங்கு இப்போது இயற்கை எரிவாயுவை எரித்துக் கிடைக்கிறது. ஆக, எந்தப் பல்புக்குப் பின்னாலும் எங்கோ ஒரு நெருப்பு எரிகிறது.

யூதர்களும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள். ஓய்வுநாள் விளக்குக்கு மின்பல்பு ஆகுமா என்று இருபதாம் நூற்றாண்டில் அவர்களுடைய சமயச் சட்ட அறிஞர்கள் விவாதித்தார்கள். பல்புக்குள் பழுக்கக் காய்ந்து ஒளிரும் கம்பியும் நெருப்புதான் என்று சிலர் ஒப்புக்கொண்டார்கள். எண்ணெயும் திரியும் இல்லாதது விளக்கில்லை என்று சிலர் மறுத்தார்கள். எல்இடி வந்ததும் முதல் தரப்புக்கும் சங்கடம். அதில் பழுக்கக் காயும் கம்பியே கிடையாது. இழைபோல் தெரிவது வரிசையாக ஒட்டிய சின்னஞ்சிறு சில்லுகள். சுடரின் நிற வெப்பநிலை ஏறக்குறைய 1,900 கெல்வின்; கடையில் விற்கும் மஞ்சள் எல்இடி 2,700. பழைய பாணிப் பல்புகள் அதைவிடவும் கீழே இறங்கிச் சுடரின் நிறத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்கின்றன. நிறத்தைப் பிடித்தாலும் மீதி இருக்கிறது.

அந்த மீதி என்ன என்பதற்குப் பௌத்தர்களின் ‘மிலிந்த பன்ஹா’ ஒரு துப்புத் தருகிறது. இரவெல்லாம் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றா, வேறா என்று பிக்கு நாகசேனர் மிலிந்த அரசனைக் கேட்கிறார். ஒரே சுடர் என்றும் சொல்ல முடியவில்லை, வேறு சுடர் என்றும் சொல்ல முடியவில்லை. எண்ணெய் தீரத் தீர, திரி கருகக் கருக, கணத்துக்குக் கணம் புதிதாகப் பிறப்பதால்தான் அது சுடர். அதனால்தான் அதை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. திரியைத் தூண்ட வேண்டும், எண்ணெய் விட வேண்டும், கடைசியில் மலையேற்ற வேண்டும்.

இந்தப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சைவம் எவ்வளவு பெரிதாக நினைத்தது என்பதைச் சேக்கிழாரின் பெரிய புராணத்தில் காணலாம். விளக்குக்காகவே நாயன்மார் ஆனவர்கள் அதில் உண்டு. திருவாரூரில் நெய் கேட்டுப் போய்க் கேலிக்கு ஆளான நமிநந்தியடிகள் குளத்து நீரை ஊற்றி விளக்கெரித்தார். கணம்புல் விற்ற காசில் தில்லையில் விளக்கேற்றிவந்தவர், புல் விலைபோகாத நாளில் அந்தப் புல்லையே எரித்தார். அதுவும் தீர்ந்தபோது தம் தலைமுடியையே எரித்தார். திருவொற்றியூர்ச் செக்கு வணிகர் கலியர், கைப்பொருள் எல்லாம் போனபின் எண்ணெய்க்குப் பதில் தம் ரத்தத்தையே ஊற்றத் துணிந்தார்.

இந்த மூன்று கதையிலும் எரிபொருள் மாறுகிறது. நெய்க்குப் பதில் தண்ணீர், புல், முடி, ரத்தம் என்று எதுவும் வரலாம். எண்ணெய் இல்லாதது விளக்கில்லை என்று சேக்கிழார் எங்கும் அடம்பிடிக்கவில்லை. ஏற்றுகிறவருடைய உழைப்பை மட்டும் எந்தக் கதையும் குறைப்பதில்லை. தட்டுப்பாடு வர வர அது கூடிக்கொண்டே போகிறது. துடிக்கும் எல்இடி இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. எரிபொருளை மாற்றுவதோடு நிற்காமல் ஏற்றுகிறவரின் வேலையையும் வாங்கிக்கொள்கிறது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தி ஏராளம். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு. ‘சாவா மூவாப் பேராடு’ என்பது அவற்றுக்குப் பெயர். மந்தையை வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆட்டைக் கொடுத்த அரசியோ அதிகாரியோ தினம் வந்து திரி தூண்டியதில்லை. மாதாமாதம் மின்கட்டணம் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் உண்டு. ஆட்டைக் கொடுத்தவர் வராவிட்டாலும் அந்த ஏற்பாட்டுக்குள் இடையர் இருந்தார், கோயிலில் விளக்கைக் கவனித்தவர் இருந்தார். தினமும் யாரோ ஒருவருடைய கை அந்தச் சுடர்மேல் பட்டது. அது ஊருக்குப் பொதுவான விளக்கு என்பதால் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். வீட்டு விளக்கு வீட்டாருடையது. அந்த ஒரு நிமிட வேலையைச் செய்ய வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

ஆள் இருந்தும் முடியாத வீடுகள் உண்டு என்பதை மறந்துவிட்டுச் சட்டம் பேசக் கூடாது. கை நடுங்கும் முதியவர் தனியாக இருக்கும் ஈரறை வீட்டில் தீக்குச்சி ஆபத்து. வாடகை அறையில் குடியிருப்பவரை வீட்டுக்காரர் சூடம் கொளுத்த விடுவதில்லை. இதே வட்டாரத்துச் சிங்கப்பூர் பொது மருத்துவமனையில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருப்பவரின் பக்கத்தில் அகலை நினைத்துப் பார்க்கவே முடியாது. அவர்கள் மேசைமேல் வைக்கும் பேட்டரி விளக்கைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தண்ணீரில் விளக்கெரித்தவரை நாயனாராக்கிய மரபு அதையும் ஏற்றுக்கொள்ளும். அவர்களிடம் இல்லாதது வசதிதான், முயற்சி அல்ல.

முடிந்தும் சுவிட்சோடு நிறுத்திக்கொள்பவரின் கதை வேறு. அவர் சுவரில் இருப்பது அழகான அலங்காரம். அதைப் பார்த்துக் கைகூப்பலாம், மனமும் அமைதி கொள்ளலாம். ஆனால் “விளக்கு ஏத்தியாச்சா?” என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

அதற்காகப் பித்தளைச் சுவர் விளக்கைக் கழற்ற வேண்டியதில்லை. புதுப்பிப்பு வேலைக்கு வரைபடம் போடும்போதே இரண்டுக்கும் இடம் ஒதுக்குங்கள். மின்விளக்குகள் மேடையின் இருபக்கமும் இருக்கட்டும். வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுங்கள். நடுவில் அகல் வைக்க ஒரு கருங்கல் பலகையோ பித்தளைத் தட்டோ வேண்டும். அதற்கு நேர் மேலே மரத்தட்டு வேண்டாம், திரைச்சீலையும் மின்விசிறியும் தள்ளி இருக்கட்டும். சுடர் எரியும்வரை வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். வெளியே கிளம்பும்போது மலையேற்றிவிட்டுக் கிளம்புங்கள்.