சாயம் காட்டாத உண்மை

ஒன்றைத் தேடி அது கிடைக்கவில்லையெனில், அஃது இல்லை என்றே முடிவு கட்டலாமா? இது தருக்க நூலார்க்கு மட்டும் உரிய வினாவன்று. நாள்தோறும் மாணவரை எடைபோடும் ஆசிரியர்க்கும் உரியது. மருத்துவ ஆய்வுக்கூடம் இதற்கொரு நல்ல பாடம் தருகிறது.

நரம்புத் திசுவை மெல்லிய சீவலாக நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தால், அது பெரும்பாலும் நிறமற்றே தோன்றும். குறிப்பிட்டதொரு பொருள் அதில் எங்குள்ளது என அறிய எதிர்ப்பொருளைப் பயன்படுத்துகின்றனர். கிருமி போன்ற அயற்பொருளை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதமே எதிர்ப்பொருள். பூட்டுக்கேற்ற சாவிபோல் அது தனக்குரியதையே பற்றும். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் என்பார் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்துக் காட்டினார். பின்னாளில் நொதியின் துணையால் பழுப்பு நிறம் தோற்றுவிக்கும் முறையும் வந்தது.

எனினும், தேர்ந்த ஆய்வாளர் நிறத்தைக் கண்டவுடன் நம்பிவிடுவதில்லை. அப்பொருள் உண்டென முன்பே தெரிந்த திசு, எதிர்ப்பொருள் இடாத திசு, நலமுடையவரின் திசு ஆகியவற்றையும் உடன்வைத்து ஒப்பிடுவார். நினைவு குன்றாது வாழ்ந்த முதியோர் சிலரின் மூளையிலும், மறதி நோய்க்குரிய அமிலாய்டுப் படிவுகள் காணப்பட்டுள்ளன. ஆகவே, நிறம் இருப்பதால் மட்டும் நோயென்றாகாது; இல்லாமையால் மட்டும் நலமென்றாகாது. எதைத் தேடுமாறு அனுப்பினோமோ அதைப் பற்றி மட்டுமே சாயம் பேசும்.

இவ்வுண்மையை மலேசியா பெருவிலை கொடுத்துக் கற்றது. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் உழைத்தோரிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். நோயாளிகள் சிலரின் குருதியில் அதற்குரிய எதிர்ப்பொருள் இருந்ததும் அக்கருத்துக்கு வலுவூட்டியது. கொசு மருந்து அடித்தனர், தடுப்பூசி போட்டனர். ஆயினும், தடுப்பூசி பெற்றவரும் நோயுற்றனர். சிறுவரைவிடப் பன்றிகளோடு பழகிய வளர்ந்த ஆண்களே பெரிதும் தாக்குண்டனர். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய நச்சுயிரி ஒன்றைப் பிரித்தெடுத்தார். அது தொற்றிய உயிரணுக்கள், 1994இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்ட ஹெண்ட்ரா நச்சுயிரிக்குரிய எதிர்ப்பொருளோடு வினைபுரிந்தன. அதுவே நிப்பா. மாண்டோரின் மூளைத் திசுவைச் சாயமேற்றி நோக்கியபோது, நரம்பணுக்களிலும் குருதி நுண்குழாய்களிலும் அதன் தடயம் புலப்பட்டது. அதற்குள் காலம் கடந்திருந்தது. அந்நோய் மலேசியாவில் 265 பேரைத் தாக்கி, 105 பேரின் உயிரைக் குடித்தது.

இதைப் படித்தபோது என் மனச்சான்று என்னையே சுட்டியது. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பாடம் நடக்கும்போது திடீரெனச் சில நொடிகள் வெறித்து நோக்குவான், அழைத்தாலும் பேசான். கவனமின்மை என்று முடிவுகட்டிப் பலமுறை அவனை நிற்க வைத்தேன். நான் தேடியது கவனமின்மை, கண்டதும் அதுவே. ஓராண்டு கழிந்த பின்னரே, அது வலிப்பு நோயின் ஒரு வகை என மருத்துவர் கண்டுரைத்தார். அச்சிறுவன் ஒருநாளும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அந்த மௌனத்தையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே நான் கொண்டிருந்தேன்.

எதையும் ஐயுற்றுக்கொண்டே இருந்தால் செயலாற்றுவது எங்ஙனம் என்று சிலர் வினவக்கூடும். ஆய்வாளர் ஐயத்தால் கைகட்டி நிற்பதில்லை; ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு திசுவை அருகே வைக்கிறார், அவ்வளவே. நாமும் தீர்ப்புக் கூறலாம். ஆனால், அதனருகே 'வேறு காரணம் இருக்குமோ?' என்னும் வினாவையும் வைத்தல் வேண்டும். நோயின்னதென நாடி, அதன் காரணத்தையும் நாடுமாறு வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் கூறும் அறிவுரை மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று.

மாணவனிடம் நாம் காணாதது அவனிடம் இல்லாததாகாது. அது நாம் இன்னும் கேளாத வினாவாகவும் இருக்கலாம்.