அழிக்கும் விதியும் அழிப்பவர் பொறுப்பும்

வீடு கூட்டுவது நல்ல பழக்கம். ஆனால் கூட்டுகிறவருக்கு எது குப்பை, எது பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பழைய உண்மை இன்று நம் கணனிக்குள்ளும் வந்து நிற்கிறது.

கணனி மெதுவாகிவிட்டால் பலர் நாடுவது சீகிளீனர், பிளீச்பிட் போன்ற துப்புரவு மென்பொருள்களை. தற்காலிகக் கோப்புகள், இணையத்தில் உலாவிய தடங்கள் முதலியவற்றை அழிக்கும் விதிகள் இவற்றில் ஏற்கெனவே உண்டு. போதாதென்று எண்ணுவோர் மேலதிக விதிகளையும் சேர்க்கலாம். தன்னார்வலர்கள் எழுதித் தொகுத்த 'வின்ஆப்2' என்னும் கோப்பு அத்தகையது. 'இந்த உறையில் உள்ளவற்றை அழி' என்று நாமே ஒரு விதி வகுக்கவும் முடியும். இவையெல்லாம் கட்டாயமல்ல, நாம் சரி அடையாளம் இட்டால் மட்டுமே இயங்கும். இவ்வாறு அழிபவை பொதுவாகக் குப்பைத்தொட்டியிலும் தங்குவதில்லை.

இங்கே ஓர் ஒழுக்கக் கேள்வி எழுகின்றது. விதியை எழுதியவர் ஒருவர். அடையாளம் இட்டவர் இன்னொருவர். பொருளை இழப்பவர் மூன்றாமவர். பொறுப்பு யாருடையது?

2018 ஒக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10இன் புதிய பதிப்பை வெளியிட்டது. இடம் மாற்றப்பட்ட உறைகளின் பழைய, வெறுமையான பிரதிகளை அகற்றுவதே அதில் ஒரு நோக்கம். ஆனால் சிலருடைய பழைய உறைகள் வெறுமையாக இருக்கவில்லை. ஆவணங்களும் படங்களும் அழிந்தன. நிறுவனம் வெளியீட்டை நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13இல் மீண்டும் வெளியிட்டது. பாதிப்பு பத்தாயிரத்தில் ஒன்றே என்று அது கூறியது. கணக்குச் சிறியதுதான். ஆனால் அந்த ஒரு வீட்டுக்கு அதுவே முழுமை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது குடும்பப் படங்களைப் பறிகொடுத்த நம் கரையோர மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"எழுதியவர் நிபுணர், நமக்கென்ன தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். நிபுணருக்கு மென்பொருளைத் தெரியும். உங்கள் வீட்டைத் தெரியாது. களுதாவளைத் தோட்டத்தில் வெற்றிலைக் கொடிக்கிடையே களை பிடுங்க வருகிறவர் கைதேர்ந்தவராகவே இருக்கட்டும். ஓரத்தில் முளைத்த பொன்னாங்காணி களையா, இன்றைய கறியா என்பதை வீட்டுக்காரர்தானே சொல்ல வேண்டும்? கணனியின் 'பதிவிறக்கங்கள்' உறையும் அவ்வாறே. ஒருவருக்கு அது குப்பைக் கிடங்கு. இன்னொருவருக்கோ வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பிய படங்களும் பிறப்பத்தாட்சிப் பிரதியும் இருக்கும் பெட்டகம்.

அழிக்காமலே விடுவதும் எப்போதும் சரியாகாது. பலர் வந்து போகும் பிரதியெடுக்கும் கடைக் கணனியில் பிறருடைய அடையாள அட்டையும் வங்கி விபரமும் கிடப்பது ஆபத்து. அங்கே வேலை முடிந்ததும் அழிப்பது கடமை. கடையில் கடமையான அதே விதி வீட்டில் அநியாயமாகலாம். இத்தகைய விதிகள் நம் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதன் நியாயம் இதுதான்.

அறியாமை இரு வகைப்படும் என்பர் ஒழுக்கவியலார். முயன்றாலும் நீக்க முடியாதது ஒன்று. சிறு முயற்சியால் நீக்கக்கூடியது மற்றொன்று. முன்னையது நம்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும், பின்னையது விடுவிக்காது. இம்மென்பொருள்கள் எவை அழியப்போகின்றன என்பதை முன்கூட்டியே பட்டியலிட்டுக் காட்டுகின்றன. அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்க்காமலே அழித்துவிட்டு, 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது நீக்கக்கூடிய அறியாமையே. கவனமின்றி விதியெழுதியவருக்கும் பழியில் பங்குண்டு. அதனால் அடையாளம் இட்டவரின் பங்கு குறைந்துவிடாது.

ஆகவே, வாசகர்களே, புதிய விதியைச் சேர்க்குமுன் அது எந்த உறையைத் தொடுகிறது என்று வாசியுங்கள். எச்சரிக்கைக் குறிப்பைத் தாண்டிச் செல்லாதீர்கள். காக்க வேண்டிய உறைகளை விலக்குப் பட்டியலில் இடுங்கள். அரிய படங்களுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி வையுங்கள். கணனி பொதுவானதாயின், அதில் பங்குள்ள அனைவரையும் கேளுங்கள். வீட்டில் இளையவருக்குத்தான் இவ்வேலை தெரியும் என்றால், அழிக்குமுன் "அம்மா, இது வேணுமா?" என்று கேட்கவும் அவருக்குப் பழக்குங்கள். பிறர் எழுதிய விதியானாலும், நாம் அடையாளம் இட்ட கணத்திலிருந்து அது நம்முடைய செயல்.