இரக்கத்தோடு அறிவும் வேண்டும்



நல்ல சமாரியரின் உவமையைக் கேட்கும்போது அவருடைய இரக்கத்தையே நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் செய்ததையும் சற்றுக் கவனியுங்கள். காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினார். அது அக்கால வைத்தியம். அவர் அதை அறிந்திருந்தார். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, நோயாளியைப் பராமரிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். தாம் போனபின் அவனுக்கு என்ன ஆகும் என்பதும் அவருடைய கவலையாயிருந்தது.

தாதியரின் அழைத்தலும் இதுவே. நீரிழிவு நோயாளி ஒருவர் இன்சுலினோடு வீடு திரும்புகிறார். வைத்தியசாலையில் ஊசி போட்ட கை அவரோடு வீட்டுக்கு வராது. ஆகவே அளவு பார்ப்பது எப்படி, ஒரே இடத்தில் குத்தாமல் இடம் மாற்றுவது ஏன், குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் மருந்தைச் சூடுபடாமல் வைப்பது எங்கே என்பதை அவருக்குப் படிப்பிக்க வேண்டும். வியர்த்துக் கை நடுங்கினால், இரத்தத்தில் சீனி குறைகிறது என்றறிந்து, நினைவு தப்புமுன் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடிக்கவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "விளங்கிச்சோ?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவர். "ஒருக்காச் செய்து காட்டுங்கோ ஐயா" என்று கேட்பவரே நல்ல தாதி.

சிரித்த முகம் நோயாளிக்கு ஆறுதல்தான். ஆனால் அளவு பிழைத்த ஊசியை அது திருத்தாது. கற்றதைப் புதுப்பிப்பதும், தெரியாததைக் கேட்டறிவதும், பிழை நேர்ந்தால் மறைக்காது உடனே அறிவிப்பதும் ஐந்தாம் கட்டளை நமக்கு விதிக்கும் கடமைகளே.

தாதியரின் பாதுகாவலர் புனித கமில்லஸ் (1550–1614) காலில் ஆறாத புண்ணை ஆயுள் முழுதும் சுமந்தவர். நோயாளியாக ரோமாபுரி வைத்தியசாலைக்கு வந்த அவர், கூலிப் பணியாளரின் அசட்டையைக் கண்டு மனம்வருந்தி, நோயாளரைப் பராமரிக்கவென்றே துறவற சபையொன்றை நிறுவினார். 1930இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவரைத் தாதியரின் பாதுகாவலராக அறிவித்தார்.

நோயுற்ற அன்பர்களே, உங்கள் உடலுக்கு நீங்களும் பொறுப்பாளிகள். மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தோம் என்று வைத்தியரைக் கேளாமல் ஊசியை நிறுத்துவது விசுவாசம் அன்று, இறைவனைச் சோதிப்பதாகும். நேர்த்தியையும் நிறைவேற்றுங்கள், ஊசியையும் போடுங்கள்.

பிள்ளைகளே, பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கைக் கோவிலில் காண்கிறீர்கள். நீரிழிவுள்ள தகப்பனின் பாதங்களை இரவில் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் புண் உண்டோ என்று பாருங்கள். ஆண்டவர் காட்டிய மாதிரியை அன்று உங்கள் வீட்டில் நிறைவேற்றியவர்கள் ஆவீர்கள்.